ஷ்வேயை ரங்கூன் டாக்டரிடம் விட்டேன்

இந்த ஊரில் நாய்க்கு வைத்தியம் வேண்டுமென்றால் அதை மாட்டுக் கூண்டில் நிறுத்த வேண்டும். கும்மிடிப்பூண்டி மாட்டாஸ்பத்திரி வாசலில் இரும்புக் குழாய்களால் ஆன ஒரு சட்டம் இருக்கிறது. பசுவோ எருமையோ அதற்குள் நுழைந்துவிட்டால் முன்னும் பின்னும் நகர முடியாது. அதில் என் ஷ்வேயையும் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். அது கீழ்க்குழாய்க்கு அடியில் புகுந்து வெளியே வந்து என் காலடியில் உட்கார்ந்துகொண்டது. மறுபடியும் நிறுத்தினேன், மறுபடியும் வந்தது. சாணத்துக்கும் மூத்திர வாடைக்கும் நடுவே வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எருமையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஓர் அம்மாள், “இன்னாம்மா, நாயிக்குப் போயி டாக்டரா? அது புல்லத் துன்னு அதுவே சரி பண்ணிக்கும். உனுக்கு வேற வேல இல்லியா?” என்று கேட்டாள். நான் அதை உண்மையான விசாரிப்பு என்று நினைத்துக்கொண்டு, “இல்லைங்க, கப்பல் விட்டு இறங்கினதிலிருந்து வேலைதான் தேடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த இடம் ஏதாவது இருக்கிறதா?” என்றேன். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. தாய்நாட்டில் முதல் வருடம் எனக்கு இப்படித்தான் கழிந்தது.

ரங்கூனிலேயே தங்கிவிட்ட உறவுகளுக்கும், எங்களோடு கப்பலேறி வந்து இன்று திசைக்கொருவராகச் சிதறிக் கிடக்கும் நம்மவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நம்மில் சிலர் ஆடு வைத்திருக்கிறீர்கள், சிலர் நாய் வளர்க்கிறீர்கள். அதுகளுக்கு உடம்புக்கு வந்தால் யாரிடம் போவது என்று ஒருநாள் நீங்களும் முழிப்பீர்கள். அப்போது, நம்ம ஊர்க்காரன் ஒருவன் இருக்கிறானே என்று நிம்மதியாக எழுந்து போவீர்கள். நான் அப்படித்தான் போனேன்.

நாங்கள் அறுபதுகளின் நடுவில் வந்தவர்கள். ரங்கூனின் கெமண்டைன் பேட்டையில் மரக்கடைக்குப் பின்னால் எங்கள் வீடு. அங்கே எங்களை ‘கலா’ என்றார்கள், அந்நியன் என்று அர்த்தம். போ என்று சொன்னபோது உடுத்திய துணியோடுதான் போக விட்டார்கள். அங்கே ஒரு கிழட்டு நாய் இருந்தது. அதைப் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண் மா தின் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறினோம். சென்னைத் துறைமுகத்தில் ஓர் அதிகாரி என் வீட்டுக்காரரிடம், “சொந்த ஊர் எது?” என்று கேட்டார். பிறந்து வளர்ந்த ஊர் கெமண்டைன் என்றால் அவருக்குப் பிடிக்கவில்லை. இந்தியாவில் ஊர் சொல்லுங்கள் என்றார். இவர் தன் வாழ்நாளில் பார்த்தேயிராத ஒரு ராமநாதபுரத்துக் கிராமத்தின் பெயரைச் சொன்னார். அதை எழுதிக்கொண்டு எங்களை நேர் எதிர்த்திசையில், ஆந்திர எல்லை ஓரத்தில் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பினார்கள். இங்கே வந்ததும் ‘பர்மாக்காரங்க’ ஆனோம்.

ஷ்வே எங்களிடம் வந்தது பர்மா அகதிகள் காலனியில் குடிசை போட்ட முதல் மழைக்காலத்தில். நனைந்து போன ஒரு குட்டி, தானாகவே உள்ளே வந்து அடுப்பங்கரையில் சுருண்டுகொண்டது. நிறம் பொன்னாக இருந்ததால் பர்மியத்தில் பொன் என்று பேர் வைத்தேன். இந்த நாட்டில் ‘எங்களுடையது’ என்று நாங்கள் சொல்லிக்கொண்ட முதல் பொருள் அந்த நாய்தான். குடிசை அரசாங்கத்தினுடையது, பாத்திரங்கள் யாரோ தானமாகக் கொடுத்தவை. சாயங்காலம் வீடு திரும்பும்போது வாசலில் எங்களுக்காகக் காத்திருந்த ஒரே ஜீவன் அதுதான். என் வீட்டுக்காரர் பர்மாவை மறக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார், வீட்டில் அந்த மொழியைப் பேசினால் எழுந்து வெளியே போய்விடுவார். எனக்கோ பேசாவிட்டால் நெஞ்சு அடைத்தது. அதனால் நாயிடம் பேசினேன். ‘லா’ என்றால் வா. ‘தைன்’ என்றால் உட்கார். ‘த்வா’ என்றால் போ. காலையில் த்வா என்று சொன்னால் ஏரிக்கரை வரை ஓடிவிட்டு வரும். வேறு யார் என்ன சொன்னாலும் கேட்காது, வேறு யார் கையிலிருந்தும் சோறு வாங்காது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் எல்லைப் பக்கத்து மனிதர், தமிழும் தெலுங்கும் கலந்து அளந்து பேசுவார். அன்றைக்குக் கூண்டுக்கு வெளியிலேயே குனிந்து ஷ்வேக்கு ஓர் ஊசி போட்டார். தலையைத் தடவவில்லை, பேரைக் கேட்கவில்லை. “வயித்துல பூச்சி இருக்கு. அடுத்த மாசம் கொண்டாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த எருமைக்குப் போய்விட்டார். மத்தியானம் ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகச் சுற்றக் கிளம்பிவிடுவார். அவசரத்துக்கு ஆள் கிடைக்காது என்று காலனியில் சொன்னார்கள். எனக்கு அதைவிட அந்த முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாததுதான் உறுத்தியது.

தங்கையா அப்படியில்லை. காலனியின் கடைசியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. வாசலில் ‘ரங்கூன் தங்கையா, கால்நடை வைத்தியம்’ என்று பலகை. நான் போய் நின்றதும் என்னைப் பார்க்கவேயில்லை. ஷ்வேக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, “நே கௌங் லா?” என்று அதனிடம் நலம் விசாரித்தான். நாயின் காது நிமிர்ந்தது. என் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது. “தங்கச்சி எந்தப் பேட்டை? கெமண்டைனா? அட, நம்ம பக்கம்தான்!” என்றான். ரங்கூனில் குதிரை லாயத்தில் இருந்தவனாம், பந்தயக் குதிரைகளுக்கே மருந்து கொடுத்தவனாம். நான் அவனை ‘ஸயா’ என்று கூப்பிட ஆரம்பித்தேன். நம்மூரில் வாத்தியாரையும் வைத்தியரையும் அப்படித்தானே மரியாதையாகக் கூப்பிடுவோம்.

ஒரு வைத்தியனைத் தேர்ந்தெடுக்க என்னவெல்லாம் பார்க்க வேண்டுமோ அத்தனையும் பார்த்துவிட்டுத்தான் தேர்ந்தெடுத்தேன். வீட்டுக்குப் பக்கம். எந்நேரம் தட்டினாலும் கதவு திறக்கும். மாட்டையும் நாயையும் ஒரே கூண்டில் அடைக்க மாட்டான். கை சுத்தம். உண்ணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேப்பெண்ணெய் தடவுவான், காதை மோந்து பார்ப்பான், நாக்கின் அடியில் நிறம் பார்ப்பான், பூச்சி மருந்தை வெல்லத்தில் உருட்டிக் கொடுப்பான். ஷ்வேயும் அவனிடம் முரண்டு பிடிக்கவில்லை. பேச்சுத்துணைக்குத்தான் அங்கே போகிறாய் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். போகட்டுமே. ஒரு மணி நேரம் அந்தத் தகரக் கூரைக்கு அடியில் நான் மறுபடியும் கெமண்டைனில் இருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் கல்கத்தா ரோட்டில் லாரி ஒன்று ஷ்வேயை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. முன்னங்கால் தொங்கியது, வாயில் ரத்தம். கோணியில் போட்டுத் தூக்கினோம். என் வீட்டுக்காரர், “சர்க்கார் டாக்டர் வீடு ஸ்டேஷனுக்குப் பின்னாலதானே இருக்கு. இந்நேரம் வந்திருப்பார். அங்க தூக்கிட்டுப் போயிடுவோம்” என்றார். நான் கேட்கவில்லை. ஸயாவிடம்தான் போக வேண்டும் என்று காலனிப் பக்கம் நடந்தேன். அது தவறு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலை அவன் ஒழுங்காகத்தான் கட்டினான். உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பத்தை வைத்து அவன் கட்டிய கட்டைப் பெரிய டாக்டர் யாரும் குறை சொல்ல முடியாது. கையில் ஒரு குறையும் இல்லை, அதுதான் என்னை இன்னும் எரிய வைக்கிறது.

“இங்கேயே கிடக்கட்டும் தங்கச்சி. நீ பார்க்க வராத. உன்னக் கண்டா எழுந்து ஓடி வரும், கட்டு கலைஞ்சு போகும்” என்றான். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். போகாமல் இருந்தேன். தகர அறைக்குள் என் குரல் கேட்கக் கூடாதென்று அந்தத் தெரு வழியாகத் தண்ணீருக்குப் போவதைக்கூட நிறுத்தினேன். அப்புறம் ஒரு காலையில் அவனே வந்தான். கையில் ஷ்வேயின் கழுத்து வார். கண் கலங்கியிருந்தது. “போயிருச்சு தங்கச்சி. உள்காயம். நான் என்ன பண்ணியும் நிக்கல” என்றான். ஏரிக்கரையில் பனைமரத்தடியில் புதைத்துவிட்டதாகக் கூட்டிப்போய்க் காட்டினான். மண் புதிதாகக் குவிந்திருந்தது. நான் அதன்மேல் விழுந்து அழுதேன். அவன் என் பக்கத்தில் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

கெமண்டைனில் பர்மியர் வீட்டில் சாவு விழுந்தால், போன உயிர் ஏழு நாள் வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கும் என்பார்கள். ஏழாம் நாள் சமைத்து, வந்தவர்களுக்குச் சோறு போட்டு, “இனி இது உன் வீடு இல்லை, நல்லபடியாகப் போ” என்று வாயால் சொல்லி விடை கொடுப்பார்கள். பக்கத்திலேயே வாழ்ந்து எங்கள் வீட்டுக்கும் அது வழக்கமாகிவிட்டது. மாமியார் போனபோதும் செய்தோம். நாய்க்கு யார் செய்வார்கள்? நான் செய்தேன். பழவேற்காட்டு மீன்காரியிடம் கெளுத்தி வாங்கி, வாழைத்தண்டு அரிந்து போட்டு நம்ம ஊர் மீன் குழம்பு மோஹிங்கா வைத்தேன். அழைத்தது ஒரே ஒரு ஆளை, ஷ்வேக்குக் கடைசிவரை வைத்தியம் பார்த்த ஸயாவை. வந்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். “தண்டு கொஞ்சம் கூடப் போடு தங்கச்சி. ரங்கூன் ருசி அப்படியே இருக்கு” என்றான். அவன் சாப்பிட்டு முடித்ததும் வாசலில் நின்று ஏரிப் பக்கம் பார்த்துச் சொன்னேன்: “ஷ்வே, த்வா.” பர்மாப் பேச்சுக் கேட்டால் எழுந்து போகிற என் வீட்டுக்காரர், அன்றைக்கு எழுந்து போகவில்லை.

அதன் பிறகு மழையும் வெயிலும் போய், நானும் மோஹிங்காவைச் சட்டியில் வைத்து விற்று நாலு பேருக்குத் தெரிந்தவளாகிவிட்டேன். குழம்பில் கரைக்கும் மாவுக்கு நொய் வேண்டும். கவரைப்பேட்டை ரைஸ் மில்லில் சல்லிசாகக் கிடைக்கும் என்றார்கள், ரயிலேறிப் போனேன். மில் கேட்டில் சங்கிலியில் கட்டிய ஒரு நாய் குரைத்தது. குரைத்துக்கொண்டே இருந்த அது சட்டென்று நிறுத்திவிட்டு மூக்கைத் தூக்கியது. பொன் நிறம். முன்னங்கால் சற்றே கோணல். “ஷ்வே, லா” என்றேன், வாய்க்குள்தான் சொன்னேன். அது சங்கிலி அறுந்துவிடும் போல் இழுத்துக்கொண்டு ஊளையிட்டது, தரையோடு தரையாக உடம்பைத் தேய்த்தது.

வாட்ச்மேன் ஏகாம்பரம் ஓடி வந்தார். “யம்மா, தள்ளி நில்லு! கட்ச்சிரும்! டேய் மணி, இன்னாடா ஆச்சி உனுக்கு? ஒரே பேஜாரா கீதே!” என்றவர், அது என் கையை நக்குவதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். இந்த நாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “அதுவாம்மா? ரங்கூன் டாக்டருகிட்ட எங்க மொதலாளி காவலுக்கு நல்ல நாயி ஒண்ணு வோணும்னு சொல்லி வெச்சிருந்தாரு. லாரி அட்ச்சி கெடந்திச்சாம், கேக்க ஆளில்லியாம். அவுருதான் தூக்கினு போயி பொயக்க வெச்சி, டப்பு வாங்கினு குட்த்தாரு” என்றார். கேட்க ஆளில்லையாம். நொய் வாங்காமலே திரும்பினேன்.

தங்கையா ஓர் ஆட்டின் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். “ஸயா, ஷ்வேயை எங்க புதைச்சீங்க?” என்றேன். தலை நிமிராமலே, “பார்த்துட்டியா?” என்றான்.

“ஏன் இப்படிச் செஞ்சீங்க?”

“உங்க வீட்டுல ரெண்டு பேருக்கே கஞ்சி. அங்க அதுக்குத் தினம் சோறு, கவிச்சி. நான் காப்பாத்துன உசுரு தங்கச்சி, நல்ல எடத்துல சேர்த்தேன்.”

“அப்புறம் எதுக்குச் செத்துப்போச்சுன்னு சொன்னீங்க?”

“உசுரோட இருக்குன்னு சொன்னா நீ குடுத்திருப்பியா?”

“ஏழாம் நாளு என் வீட்டுல கை நனைச்சீங்களே!”

“நீ கூப்பிட்ட. வராம இருந்தா மரியாதையா இருக்குமா?” என்றான். கேலியாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னான். பிறகு பர்மியத்தில் ஏதோ சமாதானம் பேச ஆரம்பித்தான், அண்ணன் தங்கையிடம் பேசுகிற குழைவோடு. நான் தமிழில் “நிறுத்துங்க” என்றேன். அந்த மொழியை அவன் வாயிலிருந்து கேட்கப் பிடிக்கவில்லை. ஊரை விட்டு விரட்டப்பட்டபோதுகூட எனக்கு இப்படி வலித்ததில்லை. விரட்டியவர்கள் அந்நியர்கள், எங்களை வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். இவன் என் தெருப்பெயரைச் சொல்லி, என் பாஷையைப் பேசி, என் கையால் தின்றுவிட்டுச் செய்தான்.

காலனிப் பெரியவர்களிடம் சொன்னேன். “நம்ம ஆளை வெளியாளுங்க முன்னால காட்டிக் குடுக்காத தாயி. ஏற்கெனவே பர்மாக்காரன்னா ஒரு மாதிரி பார்க்கிறான். ஒரு நாய்தானே” என்றார்கள். மில் முதலாளி, “நான் காசு கொடுத்து வாங்கியிருக்கேன், வித்தவனைப் போய்க் கேளுங்க” என்றார். படுக்கும்போது என் வீட்டுக்காரர், “நாமதான் ஏழாம் நாள் போன்னு சொல்லிட்டோமே” என்றார். சொன்னது செத்த ஷ்வேயிடம், உயிரோடிருந்த ஷ்வேயிடம் இல்லை என்று சண்டை போட்டேன். ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நொய் வாங்கப் போகும் சாக்கில் ஷ்வேயைப் பார்த்துவிட்டு வருவேன். சென்ற மாதம் ஏகாம்பரமே என் குடிசை வாசலில் வந்து நின்றார். “யம்மா, மணிக்கு சங்கிலி ஒரசி கய்த்துல புண்ணு. புழு வெச்சிருச்சி. யாரயும் கிட்ட வுட மாட்டேங்குது. சோறு துன்னல. நீ வந்து உன் பாஷைல இன்னாவோ சொல்லுவியே, அத்தச் சொன்னாத்தான் கேக்கும். ரங்கூன் டாக்டராண்ட இட்டுக்கினு போலாமா?” என்றார். “வேண்டாம். மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க, நான் வரேன்” என்றேன். தவிட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். அதே கூண்டு, அதே எருமை வரிசை. நான் “தைன்” என்றதும் ஷ்வே குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்தது. உடம்பு நடுங்கியது, எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் முகத்தில் இன்னும் சிரிப்பு இல்லை. புழுவை ஒவ்வொன்றாக எடுத்துக் காயத்தைக் கழுவினார். வெளியில் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும் சைக்கிள் சுவரோரம் நின்றது. எழுதிக்கொள்வதற்காக, “யார் நாய்?” என்று கேட்டார். “மில்லுதுங்க” என்றார் ஏகாம்பரம். “என்னுது” என்றேன் நான். இரண்டும் ஒன்றாக வந்தன. “ஒரு ஆள் சொல்லுங்கம்மா” என்றார். துறைமுகத்து அதிகாரியின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. நான் சும்மா இருந்தேன். ஏகாம்பரமும் சும்மா இருந்தார். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டு, மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்தார். “சங்கிலி கட்டக் கூடாது, புண்ணு ஆறாது” என்றார். அதனால் உங்களுக்கெல்லாம் சொல்கிறேன்: ஆடோ நாயோ, அந்தக் கூண்டுக்கே கொண்டு போங்கள். நான்கு பேர் சிரிப்பார்கள், பாஷை புரியாது, யாரும் நலம் விசாரிக்க மாட்டார்கள். ஆனால் கொண்டு போன உயிரோடு திரும்பி வருவீர்கள்.

வாசலுக்கு வந்தோம். ஏகாம்பரம் தவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார், வண்டி கவரைப்பேட்டைப் பக்கம் பார்த்து நின்றது. என் வழி காலனிப் பக்கம். சங்கிலி அவர் மடியில் கிடந்தது. “மணி, வாடா நைனா” என்று அவர் அன்பாகத்தான் கூப்பிட்டார். லா என்று நான் சொன்னால் என்னிடம் வந்துவிடும், த்வா என்றால் அவரோடு போய்விடும். ஒரு தடவை த்வா சொன்ன வாய்க்கு, இரண்டில் எதையும் சொல்ல வரவில்லை. வண்டி நகர்ந்தது. ஷ்வே நடுரோட்டில் நின்றது. என்னைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. காதுகள் இரண்டும் வண்டிச் சத்தத்தின் பக்கம் திரும்பியிருந்தன. கட்டிச் சேர்ந்த அந்தக் கோணல் காலை மட்டும், எந்தப் பக்கமும் ஊன்றாமல் தூக்கிப் பிடித்திருந்தது.